மானாப்புல் மலையில் வந்த காய்ச்சல்

முதலில் வந்தது தலைவலி. கண்களுக்குப் பின்னாலிருந்து யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல ஒரு வலி. ஊற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் கேன்களை இறக்கிவிட்டு, வெட்டிப் போட்டிருந்த மானாப்புல்லின் மேல் உட்கார்ந்தேன். வெயிலால் வந்திருக்கும் என்று எண்ணினேன். கொஞ்சம் பொறுத்து எழுந்து மிச்ச தூரத்தையும் ஏறினேன்.

அன்று பின்னேரமே குளிர் வந்தது. பங்குனி மாதம், மலை முழுக்க வெயில். எனக்கு மட்டும் பல் கிட்டியது. என் மகள் தர்ஷினி கம்பளியைப் போர்த்தி, அதன்மேல் சாக்கையும் போட்டாள். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை.

என் பெயர் புவனேஸ்வரி. பதுளை மாவட்டத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவில் (கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) வேலை செய்கிறேன். இப்போது ஊவா மாகாணத்தின் பல தோட்டங்களில் எங்களைப்போல லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுப் புதிய இடத்தில் புல் வெட்டி வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு வந்தது அவர்களில் ஒருவருக்கும் வரலாம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் அந்த மலைக்குப் போன கதையிலிருந்து சொல்ல வேண்டும்.

கார்த்திகை மழையில் எங்கள் லயத்துக்கு மேலே மலை வெடித்தது. சத்தம் ஒன்றும் இல்லை. காலையில் பார்த்தபோது கோயில் மேட்டுக்குப் பின்னால் கை நுழையும் அகலத்துக்கு ஒரு பிளவு நீளமாக ஓடியிருந்தது. அதிகாரிகள் வந்து அளந்தார்கள். இனி இங்கே யாரும் படுக்கக்கூடாது என்றார்கள். பாடசாலை மண்டபத்தில் தைப்பொங்கல் வரை இருந்தோம். பிறகு, பன்னிரண்டு குடும்பங்களுக்குத் தலா ஏழு பேர்ச் (ஒரு சின்ன வீடும் முற்றமும் அடங்கும் அளவு) காணி கொடுத்தார்கள். தேயிலை பிடிக்காது என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே விட்டுவைத்த புல்மலை அது. வீடு கட்ட உதவி வரும், ஆனால் அடுத்த மழைக்கு முன் நிலத்தைத் துப்புரவாக்கி அத்திவாரம் போடாத குடும்பத்தின் காணி வேறொருவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்கள்.

மாசியில் ஏறினோம். மானாப்புல் என் கணவரின் தலைக்கு மேல் நின்றது. அதன் ஓரம் பிளேடு மாதிரி. முதல் நாளே எல்லோருடைய கையிலும் கீறல். வெட்டுவதைவிட வேரைப் பிடுங்குவதுதான் பெரும்பாடு. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மண்ணை விடாமல் பிடித்திருக்கும். ஆண்கள் அலவாங்கால் (கடப்பாரையால்) கிளப்பிக் கொடுக்க, பெண்கள் இழுத்துப் போட்டோம். காற்றில் நெருப்புப் பரவிவிடும் என்பதால் எரிக்கவும் விடவில்லை. வெட்டிய புல் குடிசைகளைச் சுற்றிக் குவியல் குவியலாகக் கிடந்தது.

குடிசை என்றால் நான்கு கம்பு, பழைய தகரம், பக்கங்களில் தறப்பாள் (தார்ப்பாய்). காற்று வந்தால் தகரம் பறக்கும். அதனால் கூரைமேல் கற்களை ஏற்றி வைத்தோம். தரை இரவெல்லாம் ஈரத்தைக் கக்கியது. குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று காய்ந்த மானாவை விரித்து, அதன்மேல் பாய் போட்டுப் படுத்தோம். மெத்தை மாதிரி இருக்கிறது என்று தர்ஷினி சொன்னாள். எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது.

தண்ணீருக்கு ஒரே ஒரு ஊற்று, மலையடிவாரத்துப் பள்ளத்தில். குடிக்கவும் சமைக்கவும் சுமப்பதற்கே இடுப்பு ஒடிந்தது. லயத்தில் பீலியடியில் கொட்டும் தண்ணீரில் தினமும் குளித்தவர்கள், இங்கே வந்தபின் மூன்று நாளுக்கு ஒருமுறை என்று ஆனோம். வெலிமடையிலிருந்து விதைக் கிழங்கு வாங்கி வந்து குடிசைப் பக்கத்தில் போட்டேன். முளை வந்த கிழமையே காட்டுப்பன்றி கிளறிவிட்டுப் போயிற்று. அலைபேசிக்கு மின்சாரம் ஏற்றக்கூடப் பிள்ளைக் காம்பராவுக்குத்தான் கொண்டு போவேன்.

இவ்வளவு இருந்தும் என் கணவர் செல்வராஜ் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் ஒரே லயத்தின் ஒரே காம்பராவில் பிறந்து செத்தவர்கள். பின்னேரங்களில் காணியின் நான்கு மூலையிலும் நட்ட குச்சிகளைச் சுற்றி வருவார். சமைக்கும் குசினி எங்கே, கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்பார். நான் ஒரு பக்கம் சொல்வேன், மறுநாள் மாற்றிச் சொல்வேன். அதில் இருவருக்குமே ஒரு சுகம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காய்ச்சல் வந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கினால் வியர்த்து இறங்கும். மறுபடி ஏறும். பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு இல்லை என்றார்கள். குறையாவிட்டால் பதுளைக்குப் போகச் சொன்னார்கள். எனக்குப் போக மனமில்லை. புல் பாதி வெட்டாமல் கிடந்தது. பிள்ளைக் காம்பராவிலும் ஆள் குறைவு. நாளைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒரு கிழமையை, முழுதாக ஏழு நாளை, ஓட்டினேன்.

பிறகு வறட்டு இருமல் தொடங்கியது. நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அக்குளிலும் கழுத்திலும் நெறி கட்டியது. ஒரு மத்தியானம் தர்ஷினியிடம், பிள்ளைகள் அழுகிறார்கள், தொட்டிலை ஆட்டு என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேனாம். குடிசையில் தொட்டிலும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் பயந்துபோய் வேலைத்தலத்துக்கு ஓடி அப்பாவைக் கூட்டி வந்தாள்.

பாதையிலிருந்து மலைக்கு வாகனம் வராது. ஒரு பிளாஸ்டிக் கதிரையை இரண்டு மூங்கிலில் கட்டி, அதில் என்னை உட்கார வைத்து இறக்கினார்கள். முன்னால் பிடித்து நடந்தவர் பழனியாண்டி அண்ணன். எங்கள் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அவர்தான் தலைவர் மாதிரி. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. என்ன பேசினார் என்பது நினைவில்லை. கீழே ஆட்டோ நின்றது. பசறை தாண்டும்போது என் கை செல்வராஜின் கைக்குள் இருந்தது. அவருடைய உள்ளங்கை சில்லென்றிருந்தது. காய்ச்சல் எனக்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பதுளை ஆஸ்பத்திரி வாட்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் பதுளை டவுனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். பெயர் பௌசியா. வீட்டுக்காரருக்கு பஸார் வீதியில் துணிக்கடை. இரத்தத்தில் சீனி கூடி, காலில் புண்ணோடு வந்து படுத்திருந்தார். எனக்குச் சிங்களம் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் தெரியும். அவருக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. டொக்டர்மார் என் கட்டிலுக்கு வரும்போதெல்லாம் அவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

மறுநாள் வந்தவர் ஒரு பெண் டொக்டர், வாட்டுக்குப் பொறுப்பானவர். என் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கழுத்தில் நெறி கட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பௌசியாவைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"நீங்க இப்ப எங்க ஈக்கிறண்டு டொக்டர் கேக்குறாங்க. லயத்துலயா?" என்றார் பௌசியா.

அட்டையில் பழைய லயத்து முகவரிதான் இருந்தது. எங்கள் புது மலைக்கு அப்போது முகவரியே கிடையாது. "இல்லீங்க. லயத்த விட்டு வந்துட்டோம். இப்ப புல்லு வெட்டுன எடத்துல குடிசை போட்டு இருக்கோம். புல்லு மேலதான் படுக்குறோம்" என்றேன்.

பௌசியா அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல டொக்டரின் முகம் மாறியது. திரைச்சீலையை இழுத்து மூடச் சொன்னார். உடம்பு முழுவதும் பார்க்க வேண்டும் என்றார். நான் பௌசியாவைப் பார்த்தேன். "வெக்கப்படாதீங்க. அவங்களும் பொம்புளதானே" என்று அவர் திரைக்கு அப்பாலிருந்து சொன்னார்.

டொக்டர் அவசரப்படவில்லை. தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பில் எல்லாம் பார்த்தார். இடது மார்பைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றார். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். பட்டாணி அளவில் காய்ந்த பொருக்கு ஒன்று விரலில் பட்டது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. பல நாள் முன்பு குளிக்கும்போது அதைத் தொட்ட ஞாபகம் வந்தது. அட்டை கடித்திருக்கும் என்று விட்டிருந்தேன்.

அதற்குப் பெயர் எஸ்கார் (பூச்சி கடித்த இடத்தில் தோல் செத்துக் கறுத்துப்போன பொருக்கு). சிகரட்டால் சுட்டதுபோல நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு. எனக்கு வந்திருந்தது உண்ணிக் காய்ச்சல். டொக்டர்மார் ஸ்க்ரப் டைஃபஸ் என்கிறார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு நுண்ணிய சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. கண்ணால் காண்பதே கஷ்டம். கடித்தது தெரியாது. ஒன்றிரண்டு கிழமை கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. இதையெல்லாம் டொக்டர் நின்று நிதானமாகச் சொல்ல, பௌசியா ஒரு வரி விடாமல் எனக்குச் சொன்னார்.

பயிற்சியிலிருந்த இளம் டொக்டர்களுக்கு அந்தப் பொருக்கைக் காட்டலாமா என்று கேட்டார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்றேன். அடுத்து வருகிறவளுக்குச் சீக்கிரம் கண்டுபிடிக்கட்டும் என்று தோன்றியது.

டொக்ஸிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். சாதாரணமாக ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடுமாம். நான் தாமதித்து வந்ததால் நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தது. மூச்சு எடுக்க முடியாமல் ஒட்சிசன் முகமூடி போட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. முகமூடியின் ரப்பர் மணமும், கன்னத்தில் இறுகியிருந்த பட்டையும், தர்ஷினி என் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்ததும் நினைவிருக்கின்றன. ஒவ்வொரு மூச்சையும் நானே கூப்பிட்டு உள்ளே எடுக்க வேண்டியிருந்தது. மூச்சு தானாக வந்துபோகும் ஒன்று என்று நாற்பத்துமூன்று வயது வரை நினைத்திருந்தேன்.

காய்ச்சல் இறங்கிய காலையில் கண் விழித்தபோது வாட்டு அமைதியாக இருந்தது. தாதி மிஸ்ஸி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் சக்கரத்துக்குச் சத்தம் இல்லை. பௌசியா என்னைப் பார்த்துச் சிரித்து வாயசைத்தார். தர்ஷினி கட்டிலோரம் வந்து வாயசைத்தாள். எல்லோரும் எதற்காக இப்படி விளையாடுகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு புரிந்தது. காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல ஒரே ரீங்காரம். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

சிலருக்கு இந்தக் காய்ச்சலில் கேட்கும் நரம்பும் பாதிக்கப்படுமாம். பெரும்பாலும் திரும்பிவிடும், முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் தர்ஷினியிடம் சொல்லியிருந்தார். அவள் அதை எனக்குக் கையால் சைகை செய்து காட்டினாள். காதைத் தொட்டு, கதவு மெல்லத் திறப்பதுபோல உள்ளங்கையை விரித்தாள். அழாமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் செல்வராஜ் பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு வருவார். என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல், கட்டில் கம்பியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். எனக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். தலையை ஆட்டுவேன். அவரும் பேசிக்கொண்டே இருப்பார்.

வலது காது கொஞ்சம் திறந்தபோது, நான் முதலில் கேட்ட நீளமான பேச்சு பௌசியாவுடையது. அவர் என் காதோரம் குனிந்து சொன்னார்:

"ஒங்கட மாப்புள நேத்தும் நெறய நேரம் பேசினார். நான் கேக்கணுமிண்டு கேக்கல்ல, காதுல விழுந்திச்சி. 'நாந்தான் ஒன்ன அந்த மலைக்கிக் கூட்டிப் போனேன், எனக்கு வீடும் வேணாம் காணியும் வேணாம், நீ எழும்பி வந்தாப் போதும்' எண்டு சொன்னார். ஒங்களுக்கு யாரும் சொல்லாட்டி தெரியவே தெரியாதே. அதான் சொன்னேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் நெடுநேரம் என் முதுகில் கை வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு செல்வராஜ் என்னை மலைக்கு அழைத்துப் போகவில்லை. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். பாத்திரங்கள், துணிமணி எல்லாம் ஏற்கெனவே அங்கே வந்திருந்தன. நாத்தனார் குறை வைக்கவில்லை. கஞ்சி, கீரை, வாரம் ஒருமுறை கோழிச் சாறு. நான் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், வெயில் படும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு தேங்காயைத் துருவினால் கை நடுங்கும். தலை வாரினால் கொத்தாக முடி வரும். பெரிய காய்ச்சலுக்குப் பிறகு இப்படிக் கொட்டும், மறுபடி முளைக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சொன்னாலும் சீப்பைப் பார்க்க மனம் வரவில்லை.

மலையிலிருந்து செய்திகள் வந்தன. என் நோயைப் பார்த்து இரண்டு குடும்பங்கள் இறங்கிவிட்டன. அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது, ஆட்களை அடிக்கிறது என்று பேச்சு. மற்றவர்களும் யோசிக்கிறார்கள். எங்கள் காணியில் வெட்டிய இடத்தில் மானா மறுபடி முழங்கால் உயரம் முளைத்துவிட்டதாம்.

ஒரு நாள் காலையில் செல்வராஜ் என்னிடம், காணியைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். வலது பக்கமாக வந்து உட்கார்ந்து, நான் கேட்கும்படியாகச் சொன்னார்.

"நோயி மண்ணுல இல்லீங்க" என்றேன். "புல்லுல இருக்க பூச்சியில. அதுக்கு மருந்து இருக்கு. லயத்துக்கு மேல பொளந்து நிக்கிற மலைக்கு என்ன மருந்து இருக்கு?"

"நாம அங்க போகல. இங்கயே எங்கயாச்சும் இருப்போம்."

"இங்க யாரு காம்பரா குடுக்குறா? அக்கா வீட்டுல எத்தன காலம் இருக்குறது? தர்ஷினிக்கு எங்க படிக்க எடம்?"

"ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா புவனா?"

ஆயிருக்கலாம். மருந்து இருக்கிறது என்று நான் சொன்னது உண்மை. அந்த மருந்து எனக்குத் தாமதமாகக் கிடைத்ததும் உண்மை. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு, டொக்டர் சொன்னதை எல்லாம் முதலில் செய்வோம், செய்து முடித்த பிறகு நான் அங்கே படுக்க வருகிறேன், அதுவரை வர மாட்டேன் என்றேன். அவர், பார்ப்போம் என்றார். எங்கள் வீட்டில் பார்ப்போம் என்றால் சரி என்று அர்த்தம்.

வைகாசியில் திரும்பினோம். என்னால் ஏற முடியாமல் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன், புல்லில் இல்லை, பாறையில். செல்வராஜ் முன்கூட்டியே போய்க் குடிசையைச் சுற்றி வெறும் மண் தெரியும்வரை செதுக்கியிருந்தார். புல் குவியல்களை இழுத்துக் கீழே பள்ளத்தில் தள்ளியிருந்தார். பலகையடித்து இரண்டு கட்டில் செய்திருந்தார்.

மற்றப் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடிசை முன்னால் கூட்டினேன். எனக்கு நடந்ததை முழுதாகச் சொன்னேன். மார்பின் கீழ் இருந்த தழும்பையும் காட்டினேன். புல்லை விரித்துப் படுக்க வேண்டாம், உடுப்பைப் புல்மேல் காயப்போட வேண்டாம், வெட்டப் போகும்போது கையும் காலும் மூடியிருக்கட்டும், வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும், போட்ட உடுப்பைத் துவைக்க வேண்டும் என்றேன். குளிக்கத் தண்ணீர் எங்கே என்று உடனே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் எல்லோரும் சேர்ந்து ஊற்றிலிருந்து பாதி மலைவரை வந்து போக ஒரு நல்ல படிக்கட்டு வெட்டினோம். பிறகு ஒரு உதவியில் குழாயும் பம்பும் வந்தன.

பழனியாண்டி அண்ணன் சிரித்தார். இத்தனை வருஷமாகத் தேயிலைக்குள் கிடந்தவர்களை ஒரு பூச்சி என்ன செய்துவிடும் என்றார். ஆனி பிறந்ததும் அவருக்கே காய்ச்சல் வந்தது. தலை பிளக்கிறது என்றார். அவருடைய மனைவி ராஜேஸ்வரி அக்கா என்னிடம் ஓடி வரவில்லை. கணவரை வெளிச்சத்தில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தேடியிருக்கிறார். அரைஞாண் கயிற்றுக்கு அடியில் கறுப்புப் பொருக்கு இருந்தது. மறுநாளே பதுளைக்குப் போனார்கள். புல்மலையில் குடியிருக்கிறோம், இதைப் பாருங்கள் என்று முதல் பேச்சிலேயே காட்டியிருக்கிறார்கள். அந்த வாரமே அவர் நடந்து மலையேறி வந்தார்.

எங்கள் குடிசைக்கு வந்து வாசலில் நின்றார். "தங்கச்சி, நீ சொல்லலேன்னா நானும் நாளைக்கு நாளைக்குன்னுதான் இருந்திருப்பேன்" என்றார். என் இடது பக்கம் நின்று சொன்னதால் எனக்கு முதலில் கேட்கவில்லை. செல்வராஜ்தான் அவரை வலது பக்கம் வரச் சொல்லி, மறுபடி சொல்ல வைத்தார். அதற்குப் பிறகு மண் அடிக்கிறது என்ற பேச்சு எழவில்லை. இறங்கிப் போன இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்தது. அந்த வாரம் செல்வராஜ் அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்.

உங்களில் யாருக்காவது இப்படி வந்தால், என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. காய்ச்சல் விடாமல் அடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன செய்கிறது என்று சொல்வதோடு, எங்கே படுக்கிறீர்கள், எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். உடம்பில் வலிக்காத புண் இருந்தால், எவ்வளவு கூச்சமான இடமாக இருந்தாலும் காட்டுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரைப் பக்கத்தில் கூப்பிடுங்கள். பௌசியா போல ஒருவர் அநேகமாக எல்லா வாட்டிலும் இருப்பார்.

நோய் போய்விட்டது என்று கிளினிக்கில் எழுதிவிட்டார்கள். அது முழு உண்மை இல்லை. முடி திரும்ப முளைத்திருக்கிறது, முன்பு இல்லாத சுருளோடு. இடது காதில் சில்வண்டு இன்னும் இருக்கிறது. பிள்ளைக் காம்பராவில் எந்தத் தொட்டிலில் அழுகை என்று எனக்குச் சட்டென்று தெரிவதில்லை. எல்லாத் தொட்டிலும் கண்ணில் படும்படி கதிரையை மாற்றிப் போட்டுக்கொண்டேன். முகம் கோணுவதைப் பார்த்தே எழுந்துவிடுகிறேன். ஒருவேளை முன்பைவிட நன்றாகவே அந்தப் பிள்ளைகளின் முகங்கள் எனக்குத் தெரியும்.

முன்பெல்லாம் உடம்பை நான் ஓட்டிக்கொண்டு போவேன். என்ன வேலை என்று தீர்மானித்தால் அது செய்யும். இப்போது அதனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. காலையில் நன்றாக இருக்கும், மத்தியானத்துக்குள் சட்டென்று காலியாகிவிடும். ஆடிக் காற்றில் எங்கள் தகரம் மூன்று முறை கழன்றது. மூன்று முறையும் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன், அவ்வளவுதான். அதற்கு முதலில் அழுதேன். பிறகு பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுவதில்லை.

நேரமும் மாறிவிட்டது. இந்த மலைக்கு வந்தபோது எல்லாமே மழைக்கு முன், மழைக்கு முன் என்று ஓடியது. இன்றைக்குள் இது, நாளைக்குள் அது. ஆஸ்பத்திரியில் அந்த 'நாளை' என்பதையே நான் கிட்டத்தட்டத் தொலைத்துவிட்டேன். அதனால் அதை இப்போது யாரும் எனக்குத் தர வேண்டிய பாக்கியாக எண்ணுவதில்லை. வந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

புரட்டாசி முடிவில் வீட்டுக்குக் கூரை போட்டோம். சுவர் இன்னும் பூசவில்லை. ஐப்பசியில் ஒரு பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் போஞ்சி விதை ஊன்றிக்கொண்டிருந்தேன். இரண்டு வரிசை போட நினைத்திருந்தேன். கீழ்த்திசையில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வரப்போகுது, சீக்கிரம் முடி என்று செல்வராஜ் மேலேயிருந்து கை காட்டினார். முதல் வரிசையின் கடைசியில் எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. இதயம் விலாவில் இடிப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது. அது அடங்கும்வரை ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். பிறகு விதைப் பையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

மழை பெய்தது. அடுத்த வரிசையை மறுநாள் ஊன்றினேன்.